பிளேட் ரன்னர் (1982): எல்லாப் பேரும் ரிட்லி ஸ்காட்டுக்கே போகுதே, மத்தவங்கல்லாம் சும்மாவா?

மின்னாடு:
மக்களே, ரொம்ப நாளா இருக்குற கடுப்ப இங்க கொட்டிடறேன். பிளேட் ரன்னர் பத்தி எவன் பேசினாலும் "ரிட்லி ஸ்காட் மாஸ்டர்பீஸ்"னு ஒரே வரில முடிச்சிட்டு போயிடறான். அந்தாளு பெரிய ஆளுதான், நான் இல்லைங்கல. ஆனா அவரு உள்ள வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே ஹாம்ப்டன் ஃபேன்ச்சர்னு ஒருத்தர் இந்தக் கதைய கட்டிட்டு அழுதிருக்காரு. அவர் எழுத்தாளரே கிடையாது, டிவி சீரியல்ல சின்னச் சின்ன வேஷம் போட்டுட்டு இருந்த நடிகர், சின்ன வயசுல ஃபிளமெங்கோ டான்ஸ் கத்துக்கறேன்னு ஸ்பெயினுக்கு ஓடின கேரக்டர். 1975 வாக்குல பிலிப் கே. டிக் நாவல படமா எடுக்கணும்னு ஆசை வந்து, டிக் எங்க இருக்காருன்னே தெரியாம, சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் ரே பிராட்பரிய தற்செயலா பாத்தப்ப அவர்கிட்ட இருந்து ஃபோன் நம்பர் வாங்கி போய்ப் பாத்திருக்காரு. டிக் பிடி கொடுக்கல. அப்புறம் ஃபேன்ச்சரோட ஃப்ரெண்டு பிரையன் கெல்லி, அவரும் நடிகர்தான், உரிமைய வாங்கிட்டாரு. மைக்கேல் டீலிங்குற தயாரிப்பாளர்கிட்ட போனா, "இதெல்லாம் படமா எடுக்க முடியாதுப்பா"ங்குற மாதிரி பதில். கெல்லி விடாம "நீயே எழுது"ன்னு ஃபேன்ச்சர் தலைல கட்டிட்டாரு. அப்படி ஆரம்பிச்சு டிராஃப்ட் மேல டிராஃப்ட். ரிட்லி வந்ததே அதுக்கெல்லாம் பின்னாடிதான். போஸ்டர்ல யார் பேரு பெருசா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு பேசுறது எனக்கு ஒப்பல, அவ்ளோதான்.

தோசைக்கல்:
நான் பாத்தேன். மழை, புகை, ஃபேனு, மறுபடியும் மழை. முக்கா மணி நேரத்துல தூங்கிட்டேன். யார் எடுத்திருந்தா எனக்கென்ன பாஸ்.

கரிசக்காடு:
மின்னாடு ஜி, ஃபேன்ச்சர் எழுதின ஆரம்ப டிராஃப்ட்ல பெரும்பாலும் ரூமுக்குள்ளயே கதை நடக்கும், தெரியுமா? நாலு பேரு உக்காந்து பேசுற மாதிரி சின்ன பட்ஜெட் படம். ரிட்லி வந்து கேட்ட கேள்வி ஒண்ணுதான், "சரி, ஜன்னலுக்கு வெளில என்ன இருக்கு?" அந்த ஒரு கேள்வில இருந்துதான் நாம இன்னிக்கு பேசுற அந்த லாஸ் ஏஞ்சலஸ் மொத்தமும் வந்துச்சு. அந்தக் கேள்வி இல்லேன்னா இது எழுபதுகள்ல வந்த ஒரு டிவி படம் ரேஞ்சுல நின்னிருக்கும்.

ரிட்லி பெயிண்டர்ங்க. வெஸ்ட் ஹார்ட்டில்பூல்ல ஆர்ட் படிச்சு அப்புறம் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், அப்புறம் விளம்பரப் படம் அத்தனை அத்தனை. இங்கிலாந்து வடகிழக்குல ஃபேக்டரி புகைபோக்கி, கெமிக்கல் பிளான்ட் எல்லாம் பாத்து வளர்ந்தவரு. படத்தோட ஃபர்ஸ்ட் ஷாட்ல நெருப்பு கக்குற அந்த ராத்திரி நகரம் எங்கேந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அதோட அந்த நேரம் டூன் படத்துல வேலை பாத்துட்டு இருந்தாரு, 1980ல அண்ணன் ஃபிராங்க் கேன்சர்ல இறந்துட்டாரு, டூன் இழுத்துட்டே போகுதுன்னு விட்டுட்டு உடனே ஷூட்டிங் போற மாதிரி ஒரு படம் வேணும்னு இதுக்குள்ள வந்தாரு. அந்த துக்கம் படம் முழுக்க இருக்கு. சாவு பத்தின படம்யா இது, ரோபோ பத்தினது இல்ல.

ஃபிலிம்சுருள்:
தோசைக்கல் தம்பி, நீ தூங்கின அந்தப் புகைக்கு பின்னாடி ஒரு ஆளு இருக்காரு, கேட்டுக்க. நான் லைட்டிங் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், அதனால என் கண்ணுக்கு இந்தப் படத்துல ஹீரோ ஜோர்டன் க்ரோனென்வெத்துதான். கேமராமேன். பார்க்கின்சன்ஸ் நோயோட இந்தப் படத்த முடிச்சுக் கொடுத்தவரு. பின்னாடி ஏலியன் 3 ஆரம்பிச்சு, உடம்பு ஒத்துழைக்காம பாதில விலக வேண்டி வந்துச்சு, 1996ல போயிட்டாரு. அவர் பையன் ஜெஃப் இன்னிக்கு பெரிய கேமராமேன்.

டெக்கார்ட், அதான் ஹாரிசன் ஃபோர்டு கேரக்டர், அவர் வீட்டு சீன் ஞாபகம் இருக்கா, ஜன்னல் வழியா ஒரு வெளிச்சப் பட்டை உள்ள வந்து சுவத்துல நகர்ந்துட்டே போகும், யாரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஸ்டேடியத்துல நைட் நிகழ்ச்சிக்கெல்லாம் அடிப்பாங்களே ஜெனான் லைட்டு, அத ஜன்னலுக்கு வெளிலேந்து அடிச்சு மெதுவா திருப்பினது. கதைப்படி அது வானத்துல போற விளம்பரக் கப்பலோட வெளிச்சம். புகை இல்லேன்னா அந்த பீம் கண்ணுக்கே தெரியாது. புகை போட்டது அழகுக்கு மட்டும்னு நினைக்காத, வெளிச்சத்துக்கு ஒரு உடம்பு கொடுக்கறதுக்கு.

இன்னொண்ணு. ரெப்ளிகன்ட், அதாவது மனுஷன் மாதிரியே செஞ்ச செயற்கை ஆளுங்க, அவங்க கண்ணுல ஒரு மாதிரி சிவப்பா தங்க மினுமினுப்பு வருமே, ரேச்சலுக்கு, அந்த ஆந்தைக்கு. கம்ப்யூட்டர்ல பண்ணதில்ல. லென்ஸுக்கு முன்னாடி பாதி ஊடுருவுற கண்ணாடிய 45 டிகிரில சாய்ச்சு வச்சு, பக்கத்துலேந்து சின்ன லைட்ட அதுல அடிச்சா, வெளிச்சம் கேமரா பாக்குற அதே கோட்டுல போய் கண்ணுக்குள்ள பட்டு அப்படியே திரும்பி வரும். ராத்திரில ரோட்டுல பூனை கண்ணு மின்னுமே, அதே சமாச்சாரம். நடிகை கொஞ்சம் தலைய திருப்பினா காலி, மறுபடி மொதல்லேந்து.

மின்னாடு:
சுருள் அண்ணே, சூப்பர். நான் சொல்ல வந்ததுக்கு நீங்களே சாட்சி.

கரிசக்காடு ஜி, ஜன்னலுக்கு வெளில என்னன்னு கேட்டது ரிட்லி, சரி. பதில் சொன்னது யாரு? சிட் மீட்! ஃபோர்டு கார் கம்பெனியோட டிசைன் ஸ்டூடியோல ஆரம்பிச்ச ஆளு, எதிர்காலக் காருன்னா இப்படித்தான் இருக்கும்னு பெயிண்டிங் போட்டே பேர் வாங்கினவரு. இந்தப் படத்துக்கு அவரைக் கூப்பிட்டது வண்டி வரையத்தான், பறக்குற போலீஸ் வண்டி ஸ்பின்னர் அவர் கைவண்ணம். ஆனா அவருக்கு ஒரு பழக்கம், வண்டிய வெறும் பேப்பர்ல தனியா நிறுத்தி வரைய மாட்டாரு. அது நிக்கிற தெரு, பின்னாடி கட்டடம், கட்டடத்து மேல வெளில ஓடுற பைப்பு, ஈரம், கூட்டம் எல்லாத்தையும் சேத்து வரைவாரு. ரிட்லி அதப் பாத்துட்டு, வண்டிய விட பின்னாடி இருக்குறது நல்லாருக்கே, தெருவையும் நீங்களே பாருங்கன்னுட்டாரு. கடைசில டைட்டில்ல அவருக்கு 'விஷுவல் ஃபியூச்சரிஸ்ட்'னு புதுசா ஒரு பட்டமே போட வேண்டி வந்துச்சு.

அதுல எனக்குப் பிடிச்சது பழசு மேல புதுச ஒட்டுற அந்த ஐடியா. எதிர்காலம்னா எல்லாத்தையும் இடிச்சுட்டு பளபளன்னு கட்டுவாங்கன்னு அதுவரைக்கும் எல்லாப் படத்துலயும் காட்டினாங்க. இவங்க, பழைய கட்டடத்த யாரும் இடிக்க மாட்டாங்க, மேலேயே பைப்ப வயர மாட்டி ஓட்டுவாங்கன்னாங்க. புரொடக்ஷன் டிசைனர் லாரன்ஸ் பால், ஆர்ட் டைரக்டர் டேவிட் ஸ்னைடர் ரெண்டு பேரும் வார்னர் ஸ்டூடியோவுக்குள்ள இருந்த பழைய நியூயார்க் தெரு செட்ட எடுத்து, அது மேலேயே ஒட்டு ஒட்டுன்னு ஒட்டி அந்தத் தெருவக் கட்டினாங்க. யூனிட்ல அதுக்கு வச்ச பேரு 'ரிட்லிவில்'. பேர்ல கூட பாருங்க!! பார்க்கிங் மீட்டர்ல "தொட்டா கரன்ட் அடிச்சு செத்துருவ"ன்னு எச்சரிக்கை, பெட்டிக்கடைல தொங்குற பத்திரிகைக்கு அட்டைப்படம், இதெல்லாம் திரைல அரை செகண்ட் கூட தெரியாது, ஆனாலும் டாம் சவுத்வெல்னு ஒரு ஆளு உக்காந்து டிசைன் பண்ணிருக்காரு.

கரிசக்காடு:
அந்த அரை செகண்ட் விஷயத்தயும் பண்ணுங்கடான்னு கழுத்துல கத்தி வச்சது யாரு? அவரேதான். டெய்லி அவரே ஸ்கெட்ச் போட்டு கொடுப்பாரு, 'ரிட்லிகிராம்'னு பேரே உண்டு. ஷூட்டிங்ல ரெடியான ஒரு செட்ட வந்து பாத்துட்டு அந்தத் தூணயெல்லாம் தலைகீழா மாத்துங்கன்னு சொன்ன ஆளு அவரு. நீங்க சொல்ற எல்லாருமே கெட்டிக்காரங்கதான். ஆனா அதே சிட் மீட் வேற படத்துக்கும் வேலை பாத்தாரு, அதெல்லாம் ஏன் இப்படி வரல?

இரவுப்பூச்சி:
ரிட்லிக்கும் அமெரிக்க யூனிட்டுக்கும் ஆகவே ஆகாதுன்னு படிச்சிருக்கேன். இங்கிலாந்து பேப்பர் ஒண்ணுல, இங்கிலீஷ் யூனிட்னா நான் சொன்னதும் "எஸ் கவ்னர்"னு, அதாவது சரிங்க முதலாளின்னு, செய்வாங்கன்னு பேட்டி கொடுத்திட்டாரு. அது செட்டுக்கு வந்து சேந்துச்சு. மறுநாள்லேந்து யூனிட்ல டி-சர்ட் அடிச்சு போட்டுட்டு வந்தாங்க, "எஸ் கவ்னராம்ல, போடா"ங்குற அர்த்தத்துல கெட்ட வார்த்தையோட. ரிட்லி சைடும் பதிலுக்கு ஒரு டி-சர்ட் அடிச்சுது, வெளிநாட்டுக்காரன வெறுக்குறது கேவலம்னு. கோடிக்கணக்குல செலவாகுற படம், ராத்திரி பூரா செயற்கை மழைல நனைஞ்சுட்டு இவனுங்க டி-சர்ட் சண்டை போட்டிருக்கானுங்க 😂

வடமராட்சியான்:
நானும் ஒண்டு சொல்லலாமோ. எல்லாரும் படத்தைப் பற்றியே கதைக்கிறியள், நாவலை எழுதின மனுசனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. 1968ல வந்த 'டு ஆன்ட்ராய்ட்ஸ் டிரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்'. மின்னாடு அண்ணைக்குப் பேரே அதிலயிருந்துதானே வந்தது?

படம் பாத்துட்டு நாவலுக்குப் போனா ஆள் திகைச்சுப் போவியள். அதில டெக்கார்டுக்கு மனிசி இருக்கிறா, பேர் ஈரான். முதல் பக்கத்திலயே காலமை எழும்பி ரெண்டு பேரும் சண்டை, அதுவும் என்னத்துக்கு எண்டா மனநிலையை மாத்திற மெசின்ல எந்த நம்பரை அமத்திறது எண்டு. யுத்தத்துக்குப் பிறகு மிருகமெல்லாம் செத்துப் போச்சு, உயிருள்ள ஆடோ மாடோ வச்சிருக்கிறதுதான் கௌரவம், டெக்கார்டிட்ட மொட்டை மாடியில இருக்கிறது கரண்ட் ஆடு, அயலட்டைக்குத் தெரியாமல் உயிர் ஆடு மாதிரிப் பராமரிக்கிறான். கதை நடக்கிறதும் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் இல்லை. படத்தில இதெல்லாம் போய், அந்த ஆந்தையும் பாம்பும் மட்டும் மிச்சம்.

ஒரு இடம் இருக்கு, வாசிச்சுப் போட்டு கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சனான். இசிடோர் எண்டொரு பாவப்பட்ட மனுசன், படத்தில செபாஸ்டியன் ஆக்கினவை. அவனுக்கு ஒரு சிலந்தி கிடைக்குது, உயிருள்ள சிலந்தி, அந்த உலகத்தில அது பொக்கிசம். கூட இருக்கிற ப்ரிஸ் எண்ட ஆன்ட்ராய்ட், இதுக்கு என்னத்துக்கு இத்தினை கால் எண்டு கேட்டு, நகம் வெட்டுற கத்தரியால ஒவ்வொரு காலா வெட்டுறாள். கோவமில்லை, வெறுப்பில்லை, சும்மா தெரிஞ்சு கொள்ள. அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான். டிக் எழுத வந்தது அதைத்தான். நாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யேக்க ஒரு எஸ்எஸ் காரன்ரை டைரியை வாசிச்சவர், பட்டினி கிடக்கிற பிள்ளையள் அழுற சத்தத்தில நித்திரை வரேல்லை எண்டு அவன் குறைப்பட்டு எழுதியிருக்கிறான். உருவம் மனுசன், உள்ளுக்கு ஒண்டுமில்லை, அந்தச் சாமான்தான் டிக்கின்ர ஆன்ட்ராய்ட். ரிட்லி அதை அப்பிடியே மறுபக்கம் திருப்பிப்போட்டு, எங்களை விட அழகான, எங்களை விட ஆழமா உணருற ஆக்களா மாத்தினவர். நாவலில வாறது கொடூரம், படத்தில வாறது பரிதாபம். ஆர் சரி எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா ரெண்டும் ஒண்டில்லை.

தோசைக்கல்:
அப்ப எழுதினவருக்கு படம் பிடிச்சிருக்காதே? அந்த சிலந்தி மேட்டர் செம, அத எடுத்திருந்தா நான் முழிச்சிருந்திருப்பேன்.

வடமராட்சியான்:
அது பெரிய கதை தம்பி. டிக் லேசில மசியிற ஆளில்லை. ஃபேன்ச்சருக்கு முதலே ராபர்ட் ஜாஃப் எண்டொருவர் இந்த நாவலுக்குத் திரைக்கதை எழுதினவர். டிக்குக்கு அது கண்ணில காட்டேலாது. அவர் சந்திக்க விமானத்தில வந்து இறங்க, "அடியை இங்க எயார்போட்டிலயே வாங்கிறீரா, வீட்டை போய் வாங்கிறீரா" எண்ட மாதிரித்தான் டிக் வரவேற்றவராம். பிறகு ஃபேன்ச்சர் எழுதினதும் பிடிக்கேல்லை, 1981ல ஒரு டிவி கைடு பத்திரிகையில வெளிப்படையா கிழிச்சு எழுதினவர்.

அதுக்குப் பிறகுதான் டேவிட் பீப்பிள்ஸ் வாறார். ஃபேன்ச்சரும் ரிட்லியும் முட்டுப்பட்டு, ஃபேன்ச்சருக்குச் சொல்லாமலே இன்னொராளைத் திருத்த விட்டினம். பீப்பிள்ஸ் முதல்ல ஃபேன்ச்சரின்ர பிரதியை வாசிச்சுப் போட்டு, இது நல்லாத்தானே இருக்கு, இதில நான் என்னத்தைச் செய்யிறது எண்டு கேட்டவராம். அவர் திருத்தின பிரதியை வாசிச்ச பிறகுதான் டிக்கின்ர மனம் மாறினது. 1981 கடைசியில ரிட்லி அவரைக் கூப்பிட்டு ஸ்பெசல் எஃபெக்ட்ஸ் காட்சியள் கொஞ்சத்தை, இருபது நிமிசம் மட்டில, போட்டுக் காட்டினவை. முடிஞ்சதும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டவர். என்ர மண்டைக்குள்ள இருந்ததை இவங்கள் எப்பிடிப் பாத்தவங்கள் எண்டுதான் அவருக்கு ஆச்சரியம். இத்தனைக்கும் ரிட்லி நாவலை முழுசா வாசிக்கவே இல்லை!

படத்தோட சேத்து விக்க திரைக்கதையை வச்சு புதுசா ஒரு நாவல் எழுதித் தாங்கோ, பழைய நாவல் கடையில இருக்கக்கூடாது எண்டு பெரிய காசு காட்டினவை. டிக்குக்கு அப்ப காசு தேவை இல்லாமலில்லை, ஆனாலும் மாட்டன் எண்டிட்டார். அந்த நேரத்தில தன்ர சொந்த நாவல் ஒண்டை எழுதினவர். 1982 மார்ச் 2ல ஆள் போயிட்டார். படம் வெளியானது யூன் 25. முழுப்படத்தை அவர் பாக்கவே இல்லை.

மின்னாடு:
அண்ணை, நீங்க சொன்னதுல ஒண்ணு சேக்கணும். ஃபேன்ச்சருக்கு சொல்லாம பீப்பிள்ஸ உள்ள இழுத்தாங்கல்ல, சாதாரணமா அதோட ரெண்டு ரைட்டரும் ஜென்மப் பகையாயிடுவாங்க. இங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தூக்கி வச்சுத்தான் பேசினாங்க. பீப்பிள்ஸ் பின்னாடி அன்ஃபர்கிவன் எழுதினவரு, மனைவி ஜேனட் கூட சேந்து 12 மங்கீஸ் எழுதினவரு. 'ரெப்ளிகன்ட்'ங்குற பேரும் அவர் பொண்ணு படிச்ச பாடத்துலேந்து கிடைச்சதுதான். 'பிளேட் ரன்னர்'ங்குற தலைப்பு மட்டும் கடன், ஆலன் நர்ஸ்னு ஒரு டாக்டர் எழுதின வேற நாவல், திருட்டுத்தனமா மருத்துவ சாமான் கடத்துற கதை, அத பேஸ் பண்ணி வில்லியம் பரோஸ் எழுதினத ஃபேன்ச்சர் பாத்து, பேரு மட்டும் காசு கொடுத்து வாங்கினாங்க. கதைக்கும் தலைப்புக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா வேற எந்தத் தலைப்பும் இப்ப நினைச்சுக் கூட பாக்க முடியல.

கீபோர்டுக்காரன்:
மியூசிக் பத்தி ஒருத்தன் கூட வாயத் திறக்கல, உங்களையெல்லாம்… வாஞ்செலிஸ்! லண்டன்ல நீமோன்னு சொந்த ஸ்டூடியோ, படத்த வீடியோல ஓட விட்டு அதப் பாத்துட்டே வாசிச்சு வாசிச்சு பதிவு பண்ண மனுஷன். நோட்டேஷன் எழுதுற வேலையே கிடையாது. அந்த ஓபனிங்ல பித்தளை வாத்தியம் மாதிரி ஒரு சவுண்டு வளைஞ்சு வளைஞ்சு இறங்குமே, அது யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர். கிட்டத்தட்ட 100 கிலோ எடை, தூக்கவே நாலு ஆளு வேணும். அதுல ஸ்பெஷல் என்னன்னா பல ஸ்வரத்த சேத்து ஒரு கார்டு (chord) புடிச்சிருக்கும்போது ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அழுத்தம் கேக்கும், சுண்டுவிரல மட்டும் கொஞ்சம் அழுத்தினா அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பெருசாகும். கம்ப்யூட்டர் பிளக்இன்ல நானும் ட்ரை பண்ணிப் பாத்துட்டேன், சவுண்டு வருது, உசுரு வரல. லவ் தீம்ல வர்ற சாக்ஸஃபோன் டிக் மொரிஸ்ஸி.

கொடுமை என்னன்னா படம் 1982ல வந்துச்சு, ஒரிஜினல் மியூசிக் ஆல்பம் வந்தது 1994ல! நடுவுல நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரான்னு ஒரு குரூப் வாசிச்சத சவுண்ட்ட்ராக்னு வித்தாங்க. பன்னெண்டு வருஷம் ஜனங்க திருட்டு கேசட்டுலதான் ஒரிஜினல கேட்டிருக்காங்க.

இரவுப்பூச்சி:
சரி நான் கேட்டுடறேன், திட்டாதீங்க. டெக்கார்ட் ரெப்ளிகன்டா இல்லையா?

ஃபிலிம்சுருள்:
போச்சுடா.

கரிசக்காடு:
ரெப்ளிகன்ட்தான். டைரக்டரே சொல்லிட்டாரு. யூனிகார்ன் கனவு, கடைசில வாசல்ல கிடக்குற காகித யூனிகார்ன், முடிஞ்சுது.

மின்னாடு:
ஹாரிசன் ஃபோர்டு இல்லைன்னு சண்டையே போட்டாரே ஜி. ஃபேன்ச்சருக்கு விடை தெரியாம இருக்குறதுதான் பிடிக்கும். அதுலயும் ஒரு கூத்து இருக்கு. பீப்பிள்ஸ் ஒரு டிராஃப்ட்ல டெக்கார்ட் தன்னப் பத்தி யோசிக்கிற மாதிரி, நம்மள எல்லாம் செஞ்சவன் யாரு, நானும் ஒரு வகைல சண்டைக்கு செஞ்ச மாடல்தான்னு ஒரு பேச்சு எழுதியிருந்தாரு. அவர் எழுதினது தத்துவார்த்தமா, மனுஷனுக்கும் அவங்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்ங்குற அர்த்தத்துல. ரிட்லி அத நேரடியா எடுத்துக்கிட்டு, ஆஹா டெக்கார்டும் ரெப்ளிகன்டான்னு குஷியாயிட்டாரு. நாப்பது வருஷமா நாம அடிச்சுக்குற சண்டைக்கு அந்த வரிக்கும் பங்கு இருக்கு. ரைட்டர் ஒண்ணு நினைச்சு எழுத டைரக்டர் ஒண்ணு நினைச்சு எடுக்க நடிகர் ஒண்ணு நினைச்சு நடிக்க, அதனாலதான் அந்தக் கேரக்டர் இப்படி ரெண்டுங்கெட்டானா நிக்குது. ஒரே ஆளு முடிவு பண்ணிருந்தா இந்தக் குழப்பம் படத்துல இருந்திருக்காது.

மட்டுறுத்துனர்:
டெக்கார்ட் விவாதத்துக்கு ஏற்கனவே தனி இழை ஓடுது, அங்க போங்க. இங்க படைப்பாளிகள் பத்தி மட்டும்.

ஃபிலிம்சுருள்:
விஎஃப்எக்ஸ் பசங்கள விட்டுடாதீங்க. டக்ளஸ் ட்ரம்புல், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல அந்த ஒளிக் குகைப் பயணத்த பண்ணவரு. அவரும் ரிச்சர்ட் யூரிசிச்சும் ஆரம்பிச்சு, ட்ரம்புல் தன் சொந்தப் படத்துக்காக பாதில கிளம்ப, டேவிட் டிரையர் வந்து முடிச்சாரு. அந்த ஃபர்ஸ்ட் ஷாட் நகரம் முழுசா ஒரு டேபிள் மேல இருந்த மினியேச்சர். முன்னாடி இருக்குறது பெருசா, பின்னாடி போகப் போகச் சின்னதா செஞ்சு, கடைசி வரிசைல இருக்குறதெல்லாம் பித்தளைத் தகட்ட ஆசிட்ல அரிச்சு வெட்டின வெறும் தட்டை உருவம். அதுக்கு அடிலேந்து ஆயிரக்கணக்கான சின்ன வெளிச்சம். ஒரே ஃபிலிம் சுருள ரிவைண்ட் பண்ணி, ஒரு தடவை நகரம், ஒரு தடவை விளக்கு, ஒரு தடவை நெருப்புன்னு மேல மேல எக்ஸ்போஸ் பண்ணனும். ஒவ்வொரு தடவையும் கேமரா மயிரிழை பிசகாம அதே பாதைல போகணும், ரூம்ல புகை அதே அளவு இருக்கணும். ஏதாவது ஒண்ணு தப்பினா முன்ன எடுத்ததும் சேத்து குப்பை. 65 எம்எம்ல எடுத்ததால இன்னிக்கு 4கேல பாத்தாலும் கம்ப்யூட்டர்ல பண்ணின பல படத்த விட கெத்தா நிக்குது. அவசரத்துல கட்டடம் பத்தலன்னு யாரோ வச்சிருந்த மில்லேனியம் ஃபால்கன் மாடல செங்குத்தா நிறுத்தி கட்டடமாக்கிட்டாங்க, தேடிப் பாருங்க, தெரியும்.

தோசைக்கல்:
இவ்ளோ பண்ணியும் ஆஸ்கர் வாங்கலையா?

ஃபிலிம்சுருள்:
ரெண்டே ரெண்டு நாமினேஷன். எஃபெக்ட்ஸ ஈ.டி. தூக்கிட்டு போச்சு. ஆர்ட் டைரக்ஷன நம்ம காந்தி படம் தூக்கிட்டு போச்சு. பானு அதையாவுக்கு காஸ்ட்யூம் ஆஸ்கர் கிடைச்ச அதே வருஷம். கேமராவுக்கு ஆஸ்கர் நாமினேஷனே இல்ல, இங்கிலாந்துல பாஃப்டா கொடுத்தாங்க.

கரிசக்காடு:
அதுலயும் காந்தி காஸ்ட்யூம்ல பானு அதையாவோட சேந்து வாங்கின ஜான் மோலோ, ரிட்லியோட ஏலியன்ல வேலை பாத்தவரு 😀

இரவுப்பூச்சி:
ருட்கர் ஹவர் பத்தி சொல்லாம இந்த இழை முடிஞ்சா நான் அக்கவுன்ட்ட டெலீட் பண்ணிடுவேன். கடைசி மொட்டை மாடி சீன், மழை, கைல புறா. பீப்பிள்ஸ் எழுதிக் கொடுத்த வசனம் அத விட நீளம். ஹவர் முந்தின ராத்திரி உக்காந்து, சாகப் போறவன் இவ்ளோ நேரம் பேச மாட்டான்னு பாதிய வெட்டிட்டு, மழைல கரையுற கண்ணீர் மாதிரி எல்லாம் போயிடும்ங்குற அந்த வரிய மட்டும் சொந்தமா சேத்திருக்காரு. மறுநாள் விடியறதுக்குள்ள எடுத்தாகணும்ங்குற அவசரத்துல எடுத்த ஷாட். இன்னொரு கூத்து, புறா மழைல நனைஞ்சு பறக்கவே மாட்டேன்னுடுச்சு, நடந்து போயிடுச்சாம். அப்புறம் பறக்குற ஷாட்ட இங்கிலாந்துல தனியா எடுத்து ஒட்டினாங்க, பழைய பிரின்ட்ல அதுல மட்டும் வானம் நீலமா இருக்கும், 2007ல சரி பண்ணாங்க.

கதைல ஹவர் பண்ண ரெப்ளிகன்ட் ராய் பேட்டி சாகுறது 2019 நவம்பர். ஹவர் நிஜமாவே 2019 ஜூலைல போனாரு. சிட் மீட் அதே வருஷம் டிசம்பர்ல. படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மின்னாடு:
அந்த ஹவர நேர்ல பாக்காமலே, பால் வெர்ஹோவனோட டச்சுப் படங்கள மட்டும் பாத்துட்டு புக் பண்ணது ரிட்லிதான், அத நான் மறுக்கல ஜி. எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் கேரக்டர் கூட சொல்லணும், தெருவுல பேசுற அந்தக் கலப்பு பாஷைய ஹங்கேரியன், ஜப்பானீஸ், ஸ்பானிஷ்னு கலந்து ஓல்மோஸே உக்காந்து தயார் பண்ணாரு. சின்ன ரோல், அவர் அத எவ்ளோ தூரம் கொண்டு போயிட்டாரு பாருங்க.

கரிசக்காடு:
பாத்தீங்களா, சுத்திச் சுத்தி எங்க வர்றீங்க! ஹவரை எடுத்தது அவரு, மீட்ட எடுத்தது அவரு, க்ரோனென்வெத்த எடுத்தது அவரு. ஆள் பொறுக்கறதும் கிரியேட்டிவ்தான்யா. பிரெஞ்சு காமிக்ஸ் ஆர்டிஸ்ட் மோபியஸையும் கேட்டாரு, அவரு ஒரு அனிமேஷன் படம் இருக்குன்னு வரல, பின்னாடி வருத்தப்பட்டாரு.

அதுக்கு மேல, இதையெல்லாம் காசு போட்டவங்ககிட்டேந்து காப்பாத்தணும். யார்க்கின், பெரென்ச்சியோன்னு ரெண்டு பேரு, பட்ஜெட் தாண்டினா நாங்க பாத்துக்கறோம்னு கையெழுத்து போட்டவங்க. தாண்டிச்சு. படம் அவங்க கைக்கு போச்சு, பேப்பர் அளவுல ரிட்லியையும் டீலியையும் வேலைய விட்டே தூக்கினாங்க. டென்வர்லயும் டாலஸ்லயும் போட்டுக் காட்டினா ஜனங்களுக்கு புரியல. உடனே வாய்ஸ் ஓவர் போடு, சந்தோஷ முடிவு போடு. வாய்ஸ் ஓவர எழுதினது ரோலண்ட் கிப்பீன்னு வேற ஒரு ரைட்டர், ஃபேன்ச்சரும் இல்ல பீப்பிள்ஸும் இல்ல. சந்தோஷ முடிவுல கார் மலைல போகுமே, அந்த ஹெலிகாப்டர் ஷாட் குப்ரிக் தி ஷைனிங் படத்துக்கு எடுத்து மிச்சம் வச்சது, ரிட்லி ஃபோன் பண்ணிக் கேட்டு வாங்கினாரு.

கீபோர்டுக்காரன்:
அந்த வாய்ஸ் ஓவர ஃபோர்டு வேணும்னே மோசமா பேசினார்னு சொல்வாங்களே?

மின்னாடு:
அவரே மறுத்துட்டாரு. இருக்குற எழுத்துக்கு என்னால முடிஞ்சத பேசினேங்குறதுதான் அவர் பதில். அந்த எழுத்த வச்சு யாரு பேசினாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தோசைக்கல்:
சரிப்பா, இவ்ளோ கேட்டாச்சு, இன்னொரு தடவ பாக்கறேன். ஏழு எட்டு வெர்ஷன் காட்டுது. எத பாக்குறது?

ஃபிலிம்சுருள்:
2007 ஃபைனல் கட். ரிட்லி முழுசா கைல எடுத்து முடிச்ச ஒரே வெர்ஷன் அதுதான். 1992 டைரக்டர்ஸ் கட்டுன்னு பேரு, ஆனா அவசரமா பண்ணது. ராத்திரில, லைட்ட அணைச்சுட்டு, ஹெட்ஃபோன் போட்டு பாரு. மொபைல்ல பாத்தேன்னு இங்க வந்து சொல்லாத.

வடமராட்சியான்:
பாக்க முதல் நாவலை வாசியும் தம்பி. இருநூறு சொச்சம் பக்கம்தான்.

கரிசக்காடு:
பாத்த பிறகு வாசி. முதல்ல வாசிச்சா எங்கடா ஆடுன்னு தேடிட்டே உக்காந்திருப்ப.

மின்னாடு:
பாக்குறப்ப முதல் டைட்டில் கார்டுகள ஸ்கிப் பண்ணாத. திரைக்கதைன்னு ரெண்டு பேரு வரும், ஃபேன்ச்சர் பேருதான் முதல்ல இருக்கும். அடுத்த பாகம் 'பிளேட் ரன்னர் 2049' எடுத்தப்பவும் கதைக்கு மறுபடி அந்தாளத்தான் தேடிப் போனாங்க.

இரவுப்பூச்சி:
2049 ஒரிஜினல விட பெட்டர், யாராவது சண்டைக்கு வர்றீங்களா?

மட்டுறுத்துனர்:
அதுக்கு தனி இழை போடுங்க.